ஏழாம் நாள் போயா

முதலில் தண்ணீர் கேட்டான்.
அண்ணாந்து இரண்டு செம்பு குடித்து
"நல்ல தண்ணி அக்கா" என்று வாயைத் துடைத்தான்.
பிறகு பையைத் திறந்து
இந்தத் தண்ணியில நஞ்சிருக்கு என்றான்.

கண்ணாடிக் குவளை, ஒரு வயர், இரண்டு கம்பி.
சுவிச்சைப் போட்டதும் என் கிணறு
மண்ணிறமாகி, பச்சையாகி,
மாட்டுச் சலம்போல் நுரைத்தது.
சுவரில் படங்களைப் பார்த்து
"மூண்டு பிள்ளையள்" என்று எண்ணினான்.
மாலை போட்ட படத்தை எண்ணாமல் விட்டான்.
மூத்தவனை எண்ணினான்.
நான் திருத்தவில்லை.

வேண்டாம் என்றேன். கேட்டதாகக் காட்டவில்லை.
நாளைக்கு விலை கூடும்.
அயலில் பவளராணி எடுத்திட்டா.
கோழிகள் அடையப் போயின.
உலையில் அரிசி குழைந்தது.
எழும்பிப் போ என்று சொல்ல வாய் வரவில்லை:
முரசுமோட்டைப் பொடியன், ஒரு சப்பாத்து வாய் பிளந்திருந்தது,
இந்த மாதம் இன்னும் இரண்டு விற்காவிட்டால்
மோட்டார்சைக்கிளை லீசிங்காரன் தூக்குவானாம்.

கச்சான் விற்ற மூவாயிரம் முற்பணமாய்ப் போனது.
"இதில ஒரு சைன் மட்டும் அக்கா."

மட்டும்.
நிவாரண மட்டைக்கு, வீட்டுத்திட்டத்துக்கு,
முகாம் வாசலில் ஆசுப்பத்திரிப் பாசுக்கு,
மூத்தவனைக் காணவில்லையென்று
நான்கு தடவை, நான்கு மேசைகளில்,
மட்டும் மட்டும் என்றே போட்டிருக்கிறேன்.
வாசிக்கக் கேட்டால்
பின்னால வரிசை நிக்குது என்பார்கள்.
கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

ஆறாம் நாள் வேலிக்கு அங்கால் நின்று
"நீ எடுத்தபடியாத்தானே நானும்" என்றாள் பவளராணி.
அப்போதுதான் விளங்கியது.
அன்றிரவு போன் வெளிச்சத்தில்
மகள் எல்லாப் பக்கமும் வாசித்தாள்.
முப்பத்தாறு மாதம்.
மாதம் நாலாயிரத்து இருநூறு.
நாலாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த எழுத்தில்,
பதினோராம் பிரிவு:
பிரிக்காத பொருளை ஏழு நாளுக்குள்
திருப்பிக் கொடுக்கலாம்.

விடிய, தருமபுரத்தில் பஸ் ஏறினோம்.
பெட்டிகளுக்கும் ரிக்கற் கிழித்தான் கொண்டக்டர்.
கிளிநொச்சியில் இறங்கினால் ஷட்டர் பூட்டு.
போயா.
பவளராணி படியில் குந்திவிட்டாள்.
நான் அன்றைய பேப்பர் ஒன்று வாங்கி,
திகதி தெரிய, பூட்டுத் தெரிய, பெயர்ப்பலகை தெரிய,
பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
போன்கடைப் பொடியன் படம் எடுத்தான்.
மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு
றோட்டில் நின்று பழகிய கை.
பெட்டி பாரமில்லை.

அடுத்த நாள் மனேஜர் விரல்விட்டு எண்ணி
எட்டு என்றார்.
படத்தைக் காட்டினேன்.
யாருக்கோ போன் எடுத்தார்.
மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தார்.
கடைசியில் ஒரு போம் நீட்டினார்:
"திருப்பித் தந்ததுக்கு ஒரு சைன் மட்டும்."

கதிரையை இழுத்துப் போட்டேன்.
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
முதல் வரியிலிருந்து வாசித்தேன்.
பின்னால் வரிசை நின்றது.
நிற்கட்டும்.
முற்பணம் திரும்பாது என்றொரு வரி.
வெட்டுங்கோ என்றேன்.
வெட்டினார்.
வெட்டிய இடத்தில் அவரும் ஒரு சைன் வைத்தார்.
அவருடைய கையும் கொஞ்சம் நடுங்கியது
என்றுதான் பவளராணி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.
நான் காணவில்லை.
மூவாயிரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றில் அள்ளினேன்.
கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இரும்பு, எப்போதும்போல்.
இரண்டு வீடு தள்ளி அரியமலர்
கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்கு
இரத்தம் சுத்தம் செய்யப் போகிறாள்.
பொடியன் சொன்னதில் எவ்வளவு பொய்யென்று
அந்த நாலு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.
செம்பைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
தாகமாக இருந்தது.
குடித்தேன்.